இதுல மோட்டார் எங்க?

நான் எழுதிய முதல் அறிவியல் கதையைப் படித்த முதல் ஆள், தண்டவாளத்துக்குக் கீழே போகிற எங்கள் சப்வேயில், தேங்கும் தண்ணீரை இறைக்க மோட்டார் ஓட்டுகிற அண்ணன். பழைய பிராக்டிகல் நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன். இருண்ட சுரங்கம், பச்சை வெளிச்சம், சுவரில் அசைகிற ஏதோ ஒன்று. உள்ளே நடந்து போகிறவன் திரும்பி வருவதில்லை. மழைக்கு ஒதுங்கிய டீக்கடையில் நின்றபடியே அண்ணன் படித்தார். முடித்ததும் தாள்களை நனையாமல் மடித்துக் கையில் கொடுத்துவிட்டு ஒரு வாய் டீ குடித்தார்.

"நல்லாத்தான் கீதும்மா. ஆனா இதுல மோட்டார் எங்க?"

"எந்த மோட்டாருண்ணா?"

"ஐப்பசி மாசம்னு எழுதிக்கிற. அடமழைன்னு எழுதிக்கிற. மோட்டார் ஓடலன்னா உள்ள இடுப்பளவு தண்ணி நிக்குமே. உன் ஆளு நடந்து போறானா, நீஞ்சிப் போறானா?"

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. கதையில் வேற்றுலகத்துப் பிராணி வருகிறது, இவர் மோட்டாரைக் கேட்கிறாரே என்று. வீட்டுக்கு வந்து திரும்பப் படித்துப் பார்த்தேன். அந்தப் பிராணியை யாரும் நம்பமாட்டார்கள், ஏனென்றால் அந்தச் சுரங்கத்தையே யாரும் நம்பமாட்டார்கள். அது எங்கள் சப்வே இல்லை. எந்த ஊர் சப்வேயும் இல்லை.

நான் வட சென்னையில், வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரயில்வேயில் கீமேன், தண்டவாளத்தோடு நடந்தே ரிட்டையர் ஆனவர். நான் தண்டையார்பேட்டை பக்கம் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர். இதுவரை பதினெட்டுக் கதை எழுதியிருக்கிறேன், அதில் ஐந்து சப்வேக்குள் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்துக்கு வருகிற பிள்ளைகள் "அக்கா, அந்த மாதிரி திகிலா ஒரு எடத்த வச்சு எப்படி எழுதறது?" என்று கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போனதால் எழுதி வைக்கிறேன்.

அது ஏன் அங்கே இருக்கிறது

கதை எழுத உட்காருமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. சப்வே தானாக வந்த குகை இல்லை. யாரோ, எதற்காகவோ தோண்டியது.

எங்கள் பக்கம் முதலில் வந்தது தண்ணீர். 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் பெயரில் எண்ணூர் வரை கால்வாய் வெட்டினார்கள். தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1876-78-ல், கூழுக்கு வேலை என்று ஜனங்களை வைத்துக் கூவத்தையும் அடையாற்றையும் அதே கால்வாயோடு இணைத்தார்கள். அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. இடையில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடிவிட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் அது. தண்ணீர் ஒரு பக்கம், தண்டவாளம் ஒரு பக்கம். நடுவில் அகப்பட்ட ஜனங்கள் அந்தாண்டயிலிருந்து இந்தாண்ட வர வழி வேண்டும் அல்லவா? கேட் போட்டால் கூட்ஸ் வண்டி நின்றே கொல்லும். ஆகவே தண்டவாளத்துக்குக் கீழே தோண்டினார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மலையூரில் சுரங்கம் தோண்டினால் தண்ணீர் தானாக வழிந்து வெளியே போகும். வட சென்னை தோசைக்கல் மாதிரி தட்டை, கடல் கூப்பிடு தூரம். இங்கே தோண்டினால் சட்டிதான் கிடைக்கும். சட்டிக்குள் விழுந்த தண்ணீர் தானாக ஏறி வெளியே போகாது, யாராவது இறைக்க வேண்டும். இறைத்ததைக் கால்வாயில் விட வேண்டும். கால்வாய் நிரம்பியிருந்தால் விட்டது திரும்பி வரும். கணேசபுரம் சப்வே மழைக்கு மழை செய்தியில் வருவதற்கு இந்தச் சட்டிக் கணக்குதான் அடிப்படை. மோட்டார் நின்றால் ஒவ்வொரு சப்வேயும் குளம்.

பக்கத்தில் ஓடுவது கால்வாய்தானே, உன் கதையில் ஆறு என்று ஏன் வருகிறது என்று கேட்பீர்கள். எங்கள் ஆயா அதை ஆறு என்றுதான் சொல்லும். "ஆத்தாண்ட போவாத" என்று அதட்டும். யோசித்துப் பார்த்தால் ஆயா சொன்னது சரி. வடக்கே எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலை ஆற்றைத் தொட்டுக்கொண்டு, தெற்கே கூவத்தில் போய்ச் சேர்கிற தண்ணீரை வேறு என்னவென்று சொல்வது? கதையிலும் நான் ஆறு என்றே எழுதுகிறேன்.

1971-ல் வந்த ஓர் ஆங்கிலப் படத்தில், லண்டனில் தேம்ஸ் கரையோரம் வாண்ட்ஸ்வொர்த் பாலத்தருகே உள்ள நடைபாதைச் சுரங்கம் ஒன்று வரும். பின்னாலிருந்து வெளிச்சம். நாலு பேரின் நிழல் அவர்களுக்கு முன்னால் நீண்டு வருகிறது, தரையில் குடிகாரக் கிழவன் ஒருவன் பாடிக்கொண்டு கிடக்கிறான், அவனைப் போட்டு அடிக்கிறார்கள். சினிமாக்காரர்கள் இன்றுவரை அந்த ஒரு ஷாட்டைத் திருப்பித் திருப்பி எடுக்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் அந்தச் சுரங்கம் கார்களுக்கு வழிவிட்டு மனிதர்களைக் கீழே அனுப்பிய சுரங்கம். திட்டம் போட்டவர்கள் காட்டிய வருங்காலம் அது, அதனால் அங்கே அடி விழும்போது வருங்காலமே அடிப்பதுபோல் இருக்கிறது. நம்முடையது ரயிலுக்கும் தண்ணீருக்கும் நடுவே குனிந்து போகிற வழி. மேலே 19-ம் நூற்றாண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஊர் நிழலை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே நட்டால் ஒட்டாது. நானும் ஒரு தடவை நட்டுப் பார்த்தவள்தான்.

போய் நில்லுங்கள்

ராத்திரியில் போகாதீர்கள். ஆபத்து என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ராத்திரி சப்வேயில் லைட் எரியும், வெளியேதான் இருட்டு. உள்ளே நுழைந்தால் கண்ணுக்கு நிம்மதியாக இருக்கும். உச்சி வெயிலில் போங்கள். வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள், நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரும். அதிலிருந்து சரிவில் இறங்கினால் கண் பழக நேரமாகும். இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் வேண்டும், நாம் கடப்பதோ ஒரு நிமிடத்தில். ஆக மதியம் ஒரு மணிக்கு உள்ளே நடக்கிறவர் பாதிக் குருடர். எதிரே வருகிறவர்கள் முகமில்லாத உருவங்கள். திகில் காட்சி என்றால் நள்ளிரவு என்று எழுதுகிறவர்கள் சப்வேயைப் பார்க்காதவர்கள். என் கதைகளில் பயம் சித்திரை வெயிலில்தான் வரும்.

கூட்ஸ் வண்டிக்குக் காத்திருங்கள். நிலக்கரி ரேக்கில் வழக்கமாக 58 வேகன், ஒன்று பத்து மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இதை அப்பா எனக்குத் தாலாட்டு மாதிரி சொல்லியிருக்கிறார். மணிக்கு முப்பது கிலோமீட்டரில் போனால் முழு வண்டியும் தலைக்கு மேல் கடக்க ஒன்றேகால் நிமிடம். அந்த ஒன்றேகால் நிமிடம் கீழே யார் பேசுவதும் யார் காதிலும் விழாது. வாய் அசைவது மட்டும் தெரியும். இதைவிட நல்ல கருவி கதைக்காரருக்கு யார் கொடுப்பார்கள்? என் கதை ஒன்றில் ஒரு பெண் தான் யார் என்ற உண்மையை அந்த நேரத்தில்தான் சொல்கிறாள். எதிரே நிற்பவனுக்குக் கேட்கவில்லை. வாசகருக்கும் நான் சொல்லவில்லை.

சுவரைப் பாருங்கள். தண்ணீர் நின்று வடிந்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், ஒவ்வொரு கோடும் ஒரு மழை. ஆழம் காட்ட மஞ்சளில் எழுதிய எண்கள் பாதி அழிந்திருக்கும். சாக்கடை ஜல்லடையில் என்ன மாட்டியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள்: ஒற்றைச் செருப்பு, பூமாலை நார், பால் பாக்கெட். எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மனிதர்களைப் போட்டோ எடுக்காதீர்கள், அடி வாங்கினால் நான் பொறுப்பில்லை.

மோட்டார் ரூம் பக்கம் போய்ப் பேச்சுக் கொடுங்கள். டீ வாங்கிக்கொண்டு போனால் நல்லது. ஆனால் தண்ணீர் சேர்கிற மூடிய சம்ப்பை எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஒரே ஒரு பொய்

அறிவியல் கதைக்கு ஒரே ஒரு பொய் போதும் என்பது என் கட்சி. மற்றதெல்லாம் நிஜமாக இருக்க வேண்டும், அந்தப் பொய்யும் அந்த இடத்தின் மண்ணிலிருந்தே முளைக்க வேண்டும். வேற்றுக்கிரகத்திலிருந்து இறக்குமதி வேண்டாம். சப்வேயிலேயே மூலப்பொருள் கொட்டிக் கிடக்கிறது.

சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினோராம் வகுப்பில் ஒத்ததிர்வுக் காற்றுத்தம்பக் கருவி செய்திருப்பீர்கள், இசைக்கவையைத் தட்டிக் குழாயின் மேல் பிடிப்போமே, அது. சப்வேயும் இரண்டு முனையும் திறந்த குழாய்தான். ஒலியின் வேகத்தை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அதன் அடிச்சுருதி வந்துவிடும். நம் வெயிலுக்கு வேகம் நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர். ஒன்பது மீட்டர் நீளமுள்ள சின்ன சப்வே என்றால் சுருதி 19 ஹெர்ட்ஸ். காதுக்குக் கேட்கும் எல்லையான இருபதுக்குச் சற்றே கீழே. இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளர், தன் ஆய்வுக்கூடத்தில் காரணமில்லாமல் பயமும் ஓரக்கண்ணில் ஒரு சாம்பல் உருவமும் வந்தது ஏன் என்று தேடிப் போனார். கடைசியில் ஒரு மின்விசிறி 19 ஹெர்ட்ஸ் அளவில் அறையை அதிர வைத்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து 1998-ல் எழுதினார். எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு இல்லை. ஆனால் கதைக்காரருக்கு அது போதும். ஒரு கூட்ஸ் வண்டி, ஒன்பது மீட்டர் சப்வே, கேட்காத சத்தம். தண்டவாளம் அதிகமுள்ள இடத்தில் சப்வே முப்பது மீட்டருக்கு நீளும், அப்போது சுருதி ஆறுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும், பயம் வராது. நீளத்தை எழுதுமுன் கணக்குப் போட்டுவிடுங்கள், ஏதோ ஒரு பையன் கணக்குப் போட்டு உங்களை மாட்டிவிடுவான். என்னை மாட்டிவிட்டான்.

ஓதத்தைச் சொல்லலாம். எண்ணூரில் கடல் ஏறுவதும் இறங்குவதும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை, நாளுக்கு ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப் போகும். மழையே இல்லாத பங்குனியில் ஒரு சப்வேயில் தண்ணீர் அந்தக் கணக்கில் ஏறி இறங்கினால்? கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டே வருகிற ஒருவருக்குத்தான் அது புரியும். இதை நான் இன்னும் எழுதவில்லை. வேண்டுமானால் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது நாற்றம். கால்வாய் நாற்றத்தில் பெரும்பங்கு ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை வாடை. முன்பெல்லாம் உப்புப் பகுப்பாய்வுக்குக் கிப் கருவியில் அதைத் தயாரிப்போம், ஆய்வகம் மூன்று மணி நேரம் நாறும். அதற்கு மூன்று குணம். காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்தில் தேங்கும். வெள்ளியைக் கறுக்க வைக்கும். மூன்றாவதுதான் கொடுமை: பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. மூடிய சம்ப்பிலும் சாக்கடையிலும் இறங்கியவர்கள் செத்துப்போவது இப்படித்தான். நாற்றம் போய்விட்டதே என்று நினைத்த நேரத்தில் முழங்கால் மடங்கும். மோட்டார் அண்ணன் இதைப் பாடமாகப் படித்தவர் இல்லை. "நாத்தம் இருந்தா நல்லதும்மா. நின்னுச்சுன்னா ஓடிரு" என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்கே எனக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தொல்காப்பியர் கொடுத்த பட்டியல்

இப்போது குறியீட்டு விஷயத்துக்கு வருவோம். பிள்ளைகள் கேட்பது இதைத்தான்: "சப்வே எதோட குறியீடு அக்கா? மரணமா, கருவறையா, மனசாட்சியா?"

எதுவும் இல்லை. சப்வே, சப்வேதான். அதற்கு நீங்கள் ஒரு பெயர்ப்பலகை மாட்டிய நிமிடமே அது செத்துவிடும். நம் ஆட்களுக்கு இதை வெளியூர்க்காரர் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தொல்காப்பியர் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றாகப் பிரித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நிலமும் பொழுதும் முதல். அந்த நிலத்தில் வாழ்கிறவையெல்லாம் கரு. மனிதர் மனசில் நடப்பது உரி. முதலையும் கருவையும் ஒழுங்காக எழுதினால் உரி தானாக வந்து உட்காரும். உள்ளுறை என்பதும் அதுதான். எருமை தாமரையை மிதித்துக்கொண்டு போகும், கவிதையில் தலைவனைப் பற்றி ஒரு வார்த்தைகூட இருக்காது, ஆனால் தலைவி எதற்குக் கோபப்படுகிறாள் என்று நமக்குப் புரிந்துவிடும்.

ஆகவே நான் ஒவ்வொரு கதைக்கும் கருப்பொருள் பட்டியல் போடுவேன். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று அவர் சொன்ன வரிசையிலேயே. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். போட்டுப் பார்த்தபோது மெய்சிலிர்த்தது.

தெய்வம்: இறங்குகிற சரிவின் சுவரில் யாரோ பதித்த அம்மன் ஓடு. யார் வைத்தது என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. செவ்வாய், வெள்ளியில் கற்பூரம் எரிந்திருக்கும். நாங்கள் மழையளவு பார்த்தது அந்த ஓட்டில்தான். தண்ணீர் அம்மன் காலைத் தொட்டால் ஸ்கூலுக்குப் போக வேண்டாம். இடுப்பைத் தொட்டால் அந்தாண்ட வேலைக்குப் போனவர்கள் ராத்திரி வீட்டுக்கு வரமாட்டார்கள்.

உணவு: சாயங்காலம் சப்வே முனையில் போடுகிற அத்தோ. பர்மாவிலிருந்து அகதியாகத் திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம். பூண்டு வதக்குகிற வாசனையும் கால்வாய் வாடையும் சரிவின் நடுவில் சண்டை போடும். எது எந்த இடத்தில் ஜெயிக்கிறது என்பதை வைத்தே கண்ணை மூடிக்கொண்டு நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்வேன்.

விலங்கு என்றால் பெருச்சாளி. தண்ணீர் ஏறப்போவது மோட்டார் அண்ணனைவிட அதற்கு முதலில் தெரியும். மரம், பாலத்து இடுக்கில் முளைத்த அரசங்கன்று. வெட்ட வெட்ட வரும். பறவைக்குக் காக்கையைத் தவிர வேறொன்றும் எனக்கு அகப்படவில்லை.

பறை: சாவு மேளம். ஊர்வலம் சப்வேக்குள் இறங்கியதும் அடிக்கிறவர்கள் கையை ஓங்குவார்கள், சுவர் திருப்பி அடிக்குமே என்று. உள்ளே நுழைந்தது ஒரு மேளம், கேட்பது பத்து மேளம். சின்ன வயதில் எதிரே ஒரு பிணம் வந்தால் நாங்கள் சுவரோடு ஒட்டி நிற்போம். பயத்தில் இல்லை, அந்த அதிர்வு முதுகில் ஏறுவதற்காக. இறந்தவரை அந்தாண்ட கொண்டுபோய்ச் சேர்க்கிற வழி அது என்று அப்போது தோன்றவில்லை. எழுதும்போதுகூட நான் அதைச் சொல்வதில்லை. முதுகில் ஏறிய அதிர்வை மட்டும் சொல்வேன்.

யாழுக்கு கானா. தொழிலுக்கு மீன்பாடி வண்டி, விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து ஐஸ் சொட்டச் சொட்ட இறங்கி, ஏற்றத்தில் இரண்டு பேர் தள்ள மேலேறுகிற வண்டி. அப்புறம் மோட்டார். மோட்டார் இல்லாமல் பட்டியல் முடியாது.

உரிப்பொருள்தான் எனக்குக் கடைசியாகப் பிடிபட்டது. வெளியூர்க்காரர் எழுதினால் பயம் என்பார். அங்கே வாழ்கிறவர்களுக்கு சப்வே பயம் தருவதில்லை. தினம் நாலு தடவை கடக்கிற இடத்தில் யார் பயப்படுவார்கள்? அது தருவது காத்திருத்தல். மழை நாளில் இரண்டு கரையிலும் ஜனம் நிற்கும். இந்தாண்ட அம்மா, அந்தாண்ட ஸ்கூல் பிள்ளை. நடுவில் பழுப்புத் தண்ணீர். கை ஆட்டிக்கொள்வார்கள், சத்தம் எட்டாது. நெய்தலின் இரங்கல் இதுதான், கடல் மட்டும் கொஞ்சம் சுருங்கிவிட்டது.

எங்களைப் பயமுறுத்துவது எது

இங்கேதான் பெரும்பாலான கதைகள் சறுக்குகின்றன. வட சென்னை என்றால் குப்பை, புகை, அருவா என்று ஒரு அச்சு வைத்திருக்கிறார்கள். உலகம் அழிந்தபின் எப்படி இருக்கும் என்று காட்ட எங்கள் தெருவைப் படம் பிடிக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது படகு, வலை, கூழைக்கடாவின் இறக்கை எல்லாம் கறுப்பாகிவிட்டது. மீனவர்கள் கையால் எண்ணெயை அள்ளினார்கள். அதைப் பார்த்த ஜனத்திடம் போய்க் கறுப்புத் தண்ணீரைக் காட்டி, திகில், வருங்காலம் என்றால் சிரிக்கமாட்டார்களா?

ஆகவே தலைகீழாக யோசியுங்கள். தினமும் அங்கே நடக்கிறவருக்கு எது மாறினால் வயிற்றைப் பிசையும்? பெரிதாக எதுவும் வேண்டாம். அம்மன் ஓட்டில் கற்பூரம் எரிந்த கறை மட்டும் காணாமல் போகட்டும். பெருச்சாளிகள் வெயில் நாளில் வரிசையாக மேலேறட்டும். நான் எடுத்துக்கொண்டது: தண்ணீர் தெளிந்துவிடுகிறது.

அவ்வளவுதான் என் பொய். அறிவியல் அதற்கு இடம் கொடுக்கிறது. ஊதா கந்தக பாக்டீரியா என்று ஒரு வகை நிஜமாகவே உண்டு, ஒளிச்சேர்க்கைக்குத் தண்ணீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்பைடைப் பயன்படுத்தும். அதன் தூரத்துச் சொந்தம் ஒன்று இந்தக் கால்வாய்ச் சேற்றிலேயே இருநூறு வருஷம் ஊறி, இன்னும் தீனி கேட்க ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொண்டேன். கதைக்குள் இதை எங்கும் விளக்கவில்லை. எழுதுகிற எனக்குத் தெரிந்தால் போதும்.

பேச்சைப் பற்றி ஒரு வரி. வட சென்னைப் பேச்சை எழுதத் தெரியாவிட்டால் எழுதாதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'இன்னா', 'நைனா', 'கஸ்மாலம்' தூவினால் அது பழைய சினிமா காமெடி டிராக். நாங்கள் ஆபீசில் ஒரு மாதிரியும் அம்மாவிடம் ஒரு மாதிரியும் பேசுகிறவர்கள்தான். 'அந்தாண்ட', 'இந்தாண்ட' என்ற இரண்டு சொல்லை மட்டும் சரியான இடத்தில் வைத்தால் ஊர் வந்துவிடும்.

எழுதிப் பார்ப்போம்

முதலில் என் பழைய கதையிலிருந்து ஒரு துண்டு, மானத்தை விட்டுச் சொல்கிறேன்:

"காலத்தின் தொண்டையைப் போல வாய்பிளந்து நின்றது அந்தச் சுரங்கம். மனித குலத்தின் இருண்ட மனசாட்சி அங்கே குடிகொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு அமானுஷ்யமான மௌனம் அவனைச் சூழ்ந்தது."

மூன்று வாக்கியம், கையால் தொடக்கூடிய ஒரு பொருள்கூட இல்லை. மௌனமாம்! மேலே ரயில் ஓடுகிற இடத்தில். இது புதியது:

"மூன்று நாளாக நாத்தம் இல்லை. முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் மீன்காரம்மா நடுச் சரிவில் கூடையை இறக்கிவைத்து முந்தானையால் மூக்கைத் துடைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் தண்ணி தெளிந்துவிட்டது. முழங்கால் ஆழத்தில் கிடந்த ஒற்றைச் செருப்பின் நம்பர் மேலே நிற்பவர்களுக்குத் தெரிந்தது. ஏழு. நேற்றுவரை அதே தண்ணியில் புடவையைச் சுருட்டிக்கொண்டு இறங்கியவர்கள் இன்று ஒருத்தரும் காலை வைக்கவில்லை. அந்தாண்ட நின்றவர்களும் வைக்கவில்லை. மோட்டாரை நிறுத்து என்று ஒருத்தர் சொன்னார். நிறுத்தினால் ஏறிடும் என்று இன்னொருத்தர் சொன்னார். சின்னப்பெண் உட்கார்ந்து இடது கால் கொலுசைக் கழற்றினாள். ஆய்வக டீச்சர் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. கொலுசை ஜல்லடைக் கம்பியில் கட்டித் தண்ணிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டாள். கறுத்தால் நம் மூக்கு செத்துவிட்டது. கறுக்காவிட்டால் நாத்தம் செத்துவிட்டது. ராத்திரி பூரா இரண்டு கரையிலும் யாரும் தூங்கவில்லை."

எதைச் செய்தேன் என்று விளக்கினால் பெருமை அடிப்பதுபோல் இருக்கும், இருந்தாலும் பிள்ளைகள் கேட்பார்கள். இருட்டு என்ற சொல்லே இல்லை. சுத்தமான தண்ணீர்தான் பயம். வெள்ளி கறுப்பது நிஜ வேதியியல், அதையே முடிச்சாகப் போட்டேன். கொலுசைக் கழற்றி ஒருத்தி நியாயம் பார்க்கிறாள் என்றதும் தமிழ் வாசகருக்கு வேறொரு கால் நகை ஞாபகம் வரும். வரட்டும், நான் அதன் பெயரைச் சொல்லவில்லை. காலையில் கொலுசு எப்படி இருந்தது என்பதை எழுதி, இரண்டு தடவை அடித்துவிட்டேன். கடைசியில் கதை விடியற்காலை மீன்பாடி வண்டி வந்து சரிவின் தலையில் பிரேக் போடுவதோடு நின்றது. வண்டிக்காரர் இறங்கிக் கொலுசைப் பார்க்கிறார், அப்புறம் வண்டியைத் தள்ளச் சொல்லி ஆள் கூப்பிடுகிறார். முன்னாலா பின்னாலா என்று இல்லை.

அனுப்புவதற்கு முன் அந்த இடத்தைத் தெரிந்த ஒருவரிடம் கண்டிப்பாகக் காட்டுங்கள், எழுத்தாளராக இருக்கக் கூடாது. நான் அதே டீக்கடைக்குத்தான் போனேன். அண்ணனுக்கு இப்போது கண்ணாடி வந்துவிட்டது. தாள்களைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். ஒரு இடத்தில் நின்றார். வெள்ளம் வந்த இரவில் மோட்டார் பத்து நிமிடத்தில் தண்ணீரை இறைத்துவிட்டதாக எழுதியிருந்தேன்.

"எவ்ளோ நீளம்னு வச்சுக்கின?"

"அறுபது மீட்டர்ணா. அகலம் எட்டு. தண்ணி சராசரி ஒரு மீட்டர்."

"அப்ப எவ்ளோ லிட்டரு?"

நோட்டில் போட்டுப் பார்த்தேன். 480 கன மீட்டர், 4,80,000 லிட்டர். மோட்டார் நொடிக்கு நூறு லிட்டர் இறைத்தால் 4,800 நொடி. ஒரு மணி இருபது நிமிடம்.

"குப்ப அடைக்கும்மா. நடுவுல நிறுத்தி எடுத்துப் போட்டுட்டு மறுபடி ஓட்டணும். ரெண்டு மணி நேரம்னு போடு."

இரண்டு மணி நேரம் என்று மாற்றினேன். அந்தக் கூடுதல் நேரத்தில் இரண்டு கரையிலும் நிற்கிறவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று எழுத வேண்டி வந்ததில் கதை நாலு பக்கம் நீண்டுவிட்டது.